ஞானப்பூவுக்கு வழி சொல்லுதல்

ராயப்பன்பட்டியில் காலை வண்டி பிடி, ஞானப்பூ.
தேவாரத்தில் மாறி ஏறினால்
ஒன்பதரைக்குப் போடியில் இறங்கிவிடலாம்.
ஏலம் நடக்கிற நாளில் போகாதே.
அன்று அவர் கண்ணுக்கு
மனிதர்களும் எட்டு மில்லி, ஏழு மில்லி,
சல்லடைக்குக் கீழே உதிர்ந்த பொடி.

மறுநாள் போ.
நல்ல விலை போயிருந்தால்
குடோன் வாசலில் டீ வாளி நிற்கும்.
வாளி இல்லையா, அப்படியே திரும்பி வா.

பொம்முராஜ் என்று பெயர். நீ முதலாளி என்றே சொல்.
உட்காரச் சொல்ல மாட்டார். அது கோபமில்லை,
அங்கே நாற்காலி ஒன்றுதான்.
ஒரு காயை உன் கையில் வைப்பார்.
வாயில் போட்டுக்கொள், கடிக்காதே.
கடித்தவர்களுக்கு அவசரம் என்பது அவர் கணக்கு.

எத்தனை வேண்டும் என்று கேட்டால்
முழுத்தொகையைச் சொல்.
நான் கூச்சத்தில் பாதி சொன்னேன்,
அதில் பாதி கிடைத்தது.
அட்டைக்குப் போட்ட கடன் இன்னும் நிற்கிறது
சிவகாசியில்.

யானை வாங்கிப் போனவர்கள் நம் ஆட்கள்
என்று மேடையில் பேசுகிறோம்.
அந்த யானைக்கு மறுநாள் தீனி போட்டது யார்?
எனக்குத் தெரிந்த பாட்டு எதிலும் இல்லை.

உன் படங்களை இப்படி அடுக்கு:
மேலே மெட்டு, மேகம், பூப்பாறைப் பக்கத்துப் பச்சை.
பிறகு அவருடைய தோட்டத்து மரநிழல்.
காய் பொறுக்கும் விரல்கள் வரலாம், முகம் வேண்டாம்.
இருட்டில் முந்தலைத் தாண்டுகிற ஜீப்,
பத்துப் பேர் இடத்தில் பதினெட்டுப் பெண்கள்,
தூக்குவாளியை மடியில் வைத்து
தூங்கியும் தூங்காமலும்,
அந்தப் படம் அடியில் இருக்கட்டும்.

நில்.
இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை
என்று நீ கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

என் புத்தகத்தில் ஒரு கவிதை இருந்தது.
பதினோராவது வளைவில் கவிழ்ந்த ஜீப்பைப் பற்றி.
பேச்சித்தாய், அவள் நாத்தனார்,
சம்பளக் கணக்கில் பெயர் ஏறாத ஒரு சின்னப்பெண்.
பொம்முராஜ் எடுக்கச் சொல்லவில்லை.
கண்ணைக்கூடக் காட்டவில்லை.
அச்சுக்குப் போகும் முந்தின ராத்திரி
நானே எடுத்தேன்.
நாற்பத்தேழாம் பக்கம் காலியானது.
அங்கே அவருடைய அப்பா படத்தை வைத்தேன்,
தலைப்பாகையோடு, ரோஜா பார்டர் போட்டு.
அதையும் அவர் கேட்கவில்லை.

புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
ஒவ்வொரு தாளாகத் திருப்பினார்.
அப்பாவிடம் வந்ததும் நின்றார்.
"இந்த எடத்துல நம்ம ஜீப்பு பாட்டு ஒண்ணு இருந்துச்சே?"

படித்திருக்கிறார், ஞானப்பூ.
கையெழுத்துப் பிரதியை
கடைசித் தாள்வரை படித்திருக்கிறார்.

"பிரஸ்ஸுல விட்டுட்டாங்க முதலாளி" என்றேன்.
அவர் தலையசைத்து ஏதோ சொன்னார்.
அந்த நேரம் பார்த்து
உள்ளே தரம் பிரிக்கும் மிஷினைப் போட்டார்கள்.
உதடு மட்டும் தெரிந்தது.
"நல்லதாப் போச்சு" என்றாரா,
"நல்லா இருந்துச்சு" என்றாரா?
இரண்டுக்கும் வாய் ஒரே மாதிரிதான் திறக்கிறது.
வீட்டுக் கண்ணாடி முன்னால் சொல்லிச் சொல்லிப்
பார்த்துவிட்டேன்.

அதனால் மேலே சொன்ன அடுக்கை
நம்பாதே.
பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக்கொள்.
வாளி நிற்கிறதா பார்.
எந்தப் படம் மேலே என்பதை
குடோன் படியில் முடிவு செய்.
ஒன்றுமட்டும் செய் எனக்காக:
ஜீப் படத்தை அவர் பார்க்கும்போது
மிஷின் ஓடினால்
நிறுத்தச் சொல்.